வழித்துணைக்கு வந்த நாய்



செப்டம்பர் 29 அன்று அதிதூதர்கள் மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகியோரின் விழாவைக் கொண்டாடுகிறோம். மிக்கேலுக்கு நம் ஊர்களில் கோவில் உண்டு, கொடியேற்றம் உண்டு, தேர் உண்டு. கிறிஸ்து பிறப்புக் காலம் வந்தால் கபிரியேலை நினைக்கிறோம். இரபேலைத்தான் அதிகம் கண்டுகொள்வதில்லை. அவரை அறிய தோபித்து நூலைத் திறக்க வேண்டும். பார்வை இழந்த தோபித்து, தூர நாட்டில் கொடுத்துவைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்புகிறார். வழி தெரியாத அந்தப் பிள்ளைக்குத் துணையாக, தாம் வானதூதர் என்று காட்டிக்கொள்ளாமல், நாள் கூலிக்கு வந்த ஆளைப்போல இரபேல் நடந்து போகிறார். அவர்களோடு ஒரு நாயும் போகிறது. திரும்பி வரும்போதும் பின்னாலேயே வருகிறது. அதற்குப் பெயர் இல்லை. அது எதுவும் செய்ததாகவும் எழுதப்படவில்லை. விவிலியத்தின் பிற இடங்களில் நாய் என்றால் பெரும்பாலும் இழிசொல்தான். குருமடத்தில் இந்நூலைப் படித்தபோது இந்த நாயை நாங்கள் சிரித்துவிட்டுக் கடந்து போனோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அது மீண்டும் நினைவுக்கு வந்தது. காலைத் திருப்பலிக்கு வாசல் திறக்கப் போன உபதேசியார் ஓடிவந்து அழைத்தார். கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம் நனைந்த சாக்கு ஒன்று. உள்ளே கண் திறக்காத ஆறு நாய்க்குட்டிகள். ஆறும் பெட்டை. வீட்டு நாய் ஈன்றால் கடுவன் குட்டியை வைத்துக்கொண்டு பெட்டைக் குட்டியை எங்கேயாவது கொண்டுபோய் விடுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். கோவில் வாசல் என்றால் மனச்சாட்சியும் உறுத்தாது, சாமியார் பார்த்துக்கொள்வார்!

சாமியாருக்கு என்ன தெரியும்? கிண்ணத்தில் பசும்பாலை ஊற்றி வைத்தோம். இரண்டு குட்டிகள் மறுநாளே இறந்தன. அரசு கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் கடிந்துகொண்டார்: அந்த வயதில் முதலில் தேவை கதகதப்பு, பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், குப்புறப் படுக்கவைத்துப் புகட்ட வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். இதை யார் செய்வது என்று விழித்தபோது, அன்பியத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் வந்தார். “வளர்க்கமாட்டேன் சாமி, எனக்கு எழுபது ஆச்சு. தேறுற வரைக்கும் வச்சிருந்து தர்றேன்” என்றார்.

தேறும்வரை வைத்திருந்து தருவது. இதைத்தான் இரபேல் செய்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. பயணம் முடிந்ததும் தந்தையும் மகனும் கொண்டுவந்ததில் பாதியை அவருக்குக் கொடுக்க முன்வருகிறார்கள். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை வீட்டில் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

எட்டு வாரத்தில் நான்கும் தேறிவிட்டன. அப்போது நாங்கள் ஒரு பிழை செய்தோம். ஞாயிறு திருப்பலி முடிந்து முதலில் கேட்டவரிடம் ஒரு குட்டியைத் தூக்கிக் கொடுத்தோம். ஒரு கேள்வி கேட்கவில்லை. பாரம் இறங்கினால் போதும் என்றிருந்தது. மூன்று வாரம் கழித்து அவர் வீட்டை மந்திரிக்கப் போனபோது, கொல்லையில் வெயிலில், இரண்டு முழக் கயிற்றில், தண்ணீரின்றி அது கிடந்தது. அவர் கெட்டவர் அல்ல. காவலுக்கு நாய் என்றால் அப்படித்தான் என்று எண்ணியிருந்தார். கேட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேட்காமல் கொடுத்த குற்றம் எங்களுடையது.

அதன்பின் கேள்வி கேட்கத் தொடங்கினோம். வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா? பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு ஆண்டுதோறும் ஊசியும் போடுவீர்களா? குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்கு ஒத்துக்கொள்கிறீர்களா? நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான். இதை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டே நம் மதில் ஓரம் இன்னொரு சாக்கு. கடைசியாக ஒன்று: முடியாமல் போனால் எங்களிடமே கொண்டுவாருங்கள், தெருவில் விடாதீர்கள். வளர்த்த பிராணியைத் தவிக்கவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

பங்குப்பேரவையில் ஒருவர் எழுந்து கேட்டார்: “மனுசனுக்கே வழியில்லாத ஊர்ல நாய்க்கு என்ன சாமி?” இன்னொரு தாய், தம் மகனைத் தெருநாய் கடித்ததையும் ஊசிக்கு அலைந்ததையும் சொன்னார். இரண்டையும் தட்டிக்கழிக்க முடியாது. விலங்குகளிடம் இரக்கம் காட்ட நாம் கடமைப்பட்டுள்ளோம் என்று திருஅவையின் மறைக்கல்வி நூல் 2416-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அவற்றை வீணாகத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரண் என்று 2418-ஆம் எண் சொல்கிறது. மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை அவற்றின்மீது திருப்பிவிடக் கூடாது என்றும் அங்கேயே சொல்கிறது. எனவே வின்சென்ட் தே பவுல் சபையின் பணத்தில் ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கவில்லை. அந்தத் தாய்க்கு நாம் சொன்னது வேறு. அவர் மகனைக் கடித்த நாயின் கதையும், விசாரித்தால், யாரோ இறக்கிவிட்டுப் போன ஒரு குட்டியில் போய் முடியக்கூடும். (நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்; சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.)

இரண்டு குட்டிகளுக்கு நல்ல வீடு கிடைத்தது. நான்காவதைக் கொடுக்கும் நாளில் நர்ஸ் அம்மா அதைக் கையிலிருந்து இறக்கவில்லை. “இதை மட்டும் நான் வச்சுக்கவா சாமி?” என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவரே, “எனக்கப்புறம் யார் பார்ப்பா” என்று சொல்லி, வாங்க வந்த சிறுமியின் மடியில் வைத்தார். அது படுத்துப் பழகிய பழைய சேலைத் துண்டையும் மடித்துக் கொடுத்தார். வாசனை தெரிந்தால் இரவில் அழாதாம்.

கயிற்றில் கிடந்த அந்த முதல் குட்டி இன்னும் பங்கு இல்லத்தில் இருக்கிறது. கை ஓங்கினால் பதுங்கும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கட்டிலடியில் போய்விடும். ஊசியும் அறுவையும் முடிந்துவிட்டன. விரும்புவோர் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் குடும்பமாக வந்து பார்க்கலாம். அன்றே கொடுத்துவிட மாட்டோம். நாலைந்து முறை வந்து அதனோடு சற்று உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டியிருக்கும்.