முதுநகரில் இரண்டு இரவு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, என்னோடு பெஞ்சு தேய்த்த நண்பர்களே, "இவங்களும் ஒரு காலத்துல நம்ம மாதிரிதான் இருந்தாங்களா" என்று எங்களைச் சந்தேகமாகப் பார்க்கும் மாணவச் செல்வங்களே!

தலைவர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். 'ஓய்வுக்குப் பின் வாழ்க்கை' என்று தலைப்பும் கொடுத்திருக்கிறார். ஓய்வுக்குப் பின் என் வாழ்க்கையில் சொல்லும்படியாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். போன மாசி மாதம் எங்கள் செட்டில் ஏழு பேர் கடலூர் முதுநகருக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். அதைச் சொல்கிறேன். தலைப்போடு ஒட்டினால் ஒட்டட்டும்.

நாம் வருஷா வருஷம் இங்கே கூடுகிறோம். பொன்னாடை, குரூப் போட்டோ, இலைச் சாப்பாடு. நாலு மணி ஆனால் ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்ப்போம். "அவசியம் வீட்டுக்கு வாடா" என்று கட்டிப்பிடித்துச் சொல்வோம். யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. எங்கள் முதுநகர் நண்பன் இருபது வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்தத் தடவை, "ஏழு பேருக்கும் பாய் தலகாணி எல்லாம் எடுத்து வெயில்ல காயப் போட்டுட்டேன். வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்" என்றான். மிரட்டலுக்குப் பயந்துதான் போனோம்.

அவனுக்கு ஆஸ்டலில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. என் செட்டுக்காரர்களுக்குத் தெரியும். பேர் வைத்தவன் நான். 1978-ல் முதலாண்டு, ஜூலை மாதம். ஊரிலிருந்து வந்தவன் பையில், செய்தித்தாள் சுற்றிய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. நான் மூடியைத் திறந்து பார்த்தேன். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். அறை சிரித்தது. ராத்திரிக்குள் ஆஸ்டலே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. மூன்று வருஷம் அவனுக்கு அதுதான் பேர். இது இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடலூர் துறைமுகம் சந்திப்பில் இறங்கினோம். நாம் படித்த காலத்தில் அது மீட்டர்கேஜ். கரிப்புகை அப்பிய சட்டையோடு இறங்குவோம். 2010-ல் விழுப்புரம் - மயிலாடுதுறை அகலப்பாதை திறந்த பிறகு சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு முதுநகர் 'ஓ.டி.'. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் எல்லாம் 'என்.டி.'. வெளியூர்க்காரன் 'முதுநகர்' என்று சொன்னால் ஆட்டோக்காரர் ஒரு நிமிஷம் யோசிக்கிறார்.

வீடு பழைய வியாபாரி ஒருவருடையதாம். மெத்தை வீடு, மெட்ராஸ் டெரஸ் ஓட்டம், மரப்படி. மாடியில் இரண்டு அறை, நடுக்கூடத்தில் ஊஞ்சல். ஓட்டல் அறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். குளிரூட்டிய பெட்டிக்குள் படுத்துக் கூரையைப் பார்த்திருக்கிறேன். இங்கே பாயில் ஏழு பேர் வரிசையாகப் படுத்தோம். ஒருவன் குறட்டைக்கு இன்னொருவன் எழுந்து உட்கார்ந்தான். ஆஸ்டலில் இருந்த அதே வரிசை! விடியற்காலை மூன்று மணிக்கு விசைப்படகுகளின் சத்தம் உப்பனாற்றுப் பக்கமிருந்து வந்தது. அதற்கப்புறம் யாருக்கும் தூக்கம் வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை அந்த இருட்டிலேயே மீன் இறங்குதளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். வஞ்சிரம், சங்கரா, கணவாய், கூடை கூடையாகக் கவலை மீன். ஏலம் விடுகிற அம்மாள் பேசுகிற வேகத்துக்கு நம் புள்ளியியல் பேராசிரியரே கணக்குப் போட முடியாது. போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது போய்விட்டு "கடலூர்ல மீனே இல்லை" என்று சொல்லாதீர்கள். ஆனால் அது பண்ருட்டிப் பலாப்பழக் காலம், ஆகவே நஷ்டமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழையை நம்ப முடியாத ஊர்.

அப்படியே தேவனாம்பட்டினம் பக்கம் புனித டேவிட் கோட்டை இருந்த இடத்தைப் பார்த்தோம். 1690-ல் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. சுற்றிலும் சுட்டார்கள். குண்டு எல்லைக்குள் வந்த ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பேர் இருக்கிறது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, ஆங்கிலேயருக்குச் சில வருஷம் தலைமை இடமே இந்தக் கடலூர்தான். 1758-ல் லாலி வந்து கோட்டையைப் பிடித்தார். வரலாறு படித்த நண்பர் ஒருவர் அங்கேயே முக்கால் மணி வகுப்பு எடுத்தார். எங்களுக்குப் பசி.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மண்சட்டியில் சங்கரா மீன் குழம்பு, சுறாப் புட்டு, இறால் தொக்கு. எங்களில் இரண்டு பேர் சைவம். அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், வாழைப்பூ வடை, முருங்கைக்கீரை. அந்த அம்மணி சலிக்காமல் செய்திருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்ததும் நண்பனின் தாயார், எண்பத்தாறு வயசு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார்கள். கையில் ஒரு பாட்டில்.

"தம்பிங்களா, இது என் கையால செஞ்சது. மருமவளைக் கிட்டயே வுடல. ஆஸ்டல்ல ஒரு பாட்டில் ரெண்டு நாள் தாங்காதாமே? எல்லாம் நீங்கதான் தின்னு தீத்துடுவீங்களாம், எம்புள்ள வந்து சொல்லுவான். அதான் நான் அப்பல்லாம் ஒண்ணுக்கு ரெண்டா குடுத்தனுப்புவேன். இதுல யாரு தம்பி ரொம்ப ஆசையா கேக்கறது?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் குனிந்து சோறு பிசைந்துகொண்டிருந்தான். "நான்தாம்மா" என்று இலையை நீட்டினேன். மூன்று கரண்டி போட்டார்கள். எண்ணெய் மிதக்கும் சிவப்பு, பூண்டு, புளி, காரம். நாற்பது வருஷத்துக்கு மேல் தள்ளி முதல் தடவையாக அதை வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது என்று சொன்னால் போதாது. நான் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். அந்த அம்மா திண்ணைக்குப் போகிற வரைக்கும் யாரும் பேசவில்லை.

அன்று ராத்திரி வெள்ளிக் கடற்கரையிலிருந்து திரும்பி மொட்டை மாடியில் உட்கார்ந்தபோது கேட்டேன். "அந்தப் பாட்டிலை எல்லாம் என்னடா பண்ணுவ?"

"மெஸ்ஸுக்குப் பின்னாடி வேப்பமரம் இருக்குமில்ல, அங்க கொட்டிட்டு, பாட்டிலைக் கழுவி எடுத்துட்டுப் போயிடுவேன். காலி பாட்டிலைப் பாத்தா அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நீ பேர்தானேடா வச்ச? நான் எங்கம்மா கிட்ட மூணு வருஷம் பொய் சொன்னேன். அதுக்கு நான் யார் கிட்டப் போய்க் கேக்கறது?" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான், 2004 டிசம்பர் 26 காலை சிங்காரத்தோப்பில் இருந்த அவர்கள் வீட்டுக்குள் கடல் வந்ததையும், அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி ஓடியதையும். அதன் பிறகுதான் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நாங்கள் ஏழு பேரும் அதே வருஷம் சங்கத்தின் மூலம் சுனாமி நிதிக்குப் பணம் கட்டி ரசீது வாங்கியவர்கள். ஒருவர்கூட அவன் வீடு கரையிலா உள்ளேயா என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். கோயிலைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? கிழக்குக் கோபுர வாசலில் 108 கரணங்களையும் நின்று பாருங்கள். பாதிப் பேர் பார்க்காமலே உள்ளே ஓடுகிறார்கள். இட்லிக்குக் கொத்சு, அதற்கு இன்னொரு தடவை கொத்சு. நல்லெண்ணெயில் வதங்கின கத்தரிக்காயில், வறுத்து அரைத்த கொத்தமல்லி விதையும் மிளகாயும் புளியும் சேர்ந்தது. சென்னையில் கொத்சு என்று சாம்பாரைக் கெட்டியாக்கிக் கொடுக்கிறார்கள், நம்பாதீர்கள். சைவ நண்பர்கள் இருவரும் அன்றைக்குத்தான் எங்களைப் பழி தீர்த்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து பிச்சாவரம். துடுப்புப் படகே எடுங்கள். சுரபுன்னை வேர்கள் தலைக்கு மேல் வளைந்து நிற்கிற சின்ன ஓடைகளுக்குள் மோட்டார் படகு போகாது. படகுக்காரர் முதலில் 'இதயக்கனி' படம் எடுத்த இடத்தைக் காட்டினார், அது 1975. அடுத்துத் தில்லை மரத்தைக் காட்டி, "பால் கண்ல பட்டா கண்ணு போயிடும் சார், தொடாதீங்க" என்றார். தில்லை என்று ஊருக்குப் பேர் கொடுத்த மரம் ஊருக்குள் இல்லை, இங்கேதான் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தவர்கள், அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். நான் அதைப் படகில் சொன்னேன். முதுநகர் நண்பன், "எங்க பக்கம் வெறும் மணல்தாண்டா" என்றான்.

செலவு கேட்பீர்கள். ரயில், பஸ், படகு, கொத்சு எல்லாம் சேர்த்து, நாம் இந்த மண்டபத்துக்குக் கட்டுகிற பங்கைவிடக் குறைவு. ஆகவே சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த ஒருநாள் கூட்டம் இருக்கட்டும். அதோடு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு செட்டும் தங்களில் ஒருவர் ஊரில் இரண்டு இரவு தங்க வேண்டும். கல்யாண மண்டபமோ ஓட்டலோ வேண்டாம், வீட்டிலேயே தங்குவோம். மாணவர்கள் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்டலில் உங்கள் பக்கத்து அறைப் பையன் ஊருக்கு வருகிற சனிக்கிழமையே பஸ் இருக்கிறது.

எங்கள் செட்டு அடுத்த மாசியிலும் முதுநகர்தான் போகிறது. கிளம்பும்போது அந்த அம்மா ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார்கள், எனக்கு இரண்டு. காலிப் பாட்டில்களைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் காலியாகி மாதக்கணக்காகிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.