ஜாம்பெசிப் பள்ளத்தாக்கில் ஒரு கம்பிப் பயணம்

விக்டோரியா அருவியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். விழுந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்பதை அநேகமாக எந்தப் படமும் காட்டுவதில்லை. இன்று நாம் அந்தத் தண்ணீர் போகிற வழியில் போகப்போகிறோம், அதுவும் கால் தரையில் படாமல், கம்பியில் தொங்கிக்கொண்டு.

ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடுகிற ஜாம்பெசி ஆறு, அருவியின் தலைமாட்டில் சுமார் 1,700 மீட்டர் அகலம். அவ்வளவு தண்ணீரும் நூறு மீட்டருக்கு மேல் ஆழமான ஒரு பாறைப் பிளவில் தலைகுப்புற விழுகிறது. வெளியேற ஒரே ஒரு குறுகிய வாசல்தான். அதில் முண்டியடித்துக்கொண்டு புகுந்து, இடமும் வலமுமாக மடங்கி மடங்கி ஓடுகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை அது. அதிலுள்ள வெடிப்புகளை ஆறு அரிக்க அரிக்க, அருவியும் பின்னுக்கு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. கீழே குறுக்காகக் கிடக்கிற பள்ளங்கள் எல்லாம் ஒரு காலத்தில் அருவி விழுந்த இடங்கள்.

இங்கே கம்பியில் தொங்கிப் போவது சுற்றுலாக்காரர்கள் நேற்றுக் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இங்குள்ள பாலத்தைவிடக் கம்பிக்கு வயது அதிகம். ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து கெய்ரோ வரை ரயில் விட வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸ் கண்ட கனவு. ரயில் பெட்டிமீது அருவிச் சாரல் அடிக்க வேண்டும் என்று இந்த இடத்தையே கேட்டார் அவர். 1902இல் அவர் இறந்த பிறகுதான் பாலவேலை தொடங்கியது. முதலில் அக்கரைக்கு ஒரு நூலைக் கொண்டுபோக வேண்டும். ராக்கெட்டில் கட்டி ஏவினார்கள். நூலைப் பிடித்துக் கயிறு போயிற்று, கயிற்றைப் பிடித்துக் கம்பி போயிற்று. அந்தக் கம்பியில் தொங்கிய ஒரு பலகையில் உட்கார்ந்துதான் ஆட்கள் அக்கரைக்குப் போனார்கள். அப்புறம் பெரிய வடம் கட்டி, மின்சாரத்தில் ஓடும் தொங்குவண்டியில் இரும்புச் சாமான்களைக் கடத்தினார்கள்.

இரண்டு கரையிலிருந்தும் நீண்டு வந்த வளைவு, 1905 மார்ச் கடைசி நாளில் நடுவில் சந்தித்தது. பகல் வெயிலில் இரும்பு நீண்டுவிட்டதால் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றது. இரவுக் குளிர் பார்த்துக்கொண்டது. விடியற்காலையில் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த செப்டம்பரில் பாலத்தைத் திறந்துவைத்தவர் ஜார்ஜ் டார்வின், பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினின் மகன். 128 மீட்டர் கீழே ஆறு. ரயில் கெய்ரோவுக்குப் போகவே இல்லை. பாலம் மட்டும் இன்றும் நிற்கிறது.

சரி, மேடைக்கு மேடை கட்டியிருக்கிற இன்றைய கம்பிக்கு வருவோம். வழிகாட்டிகள் இருவர் வருவார்கள், ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. இடுப்பிலும் தொடையிலும் வார் மாட்டி, இழுத்துப் பார்த்து, தலைக்கவசம் கவிழ்ப்பார்கள். அதன் பிறகு தருகிற தோல் கையுறையைக் கவனியுங்கள். உள்ளங்கையில் ஒரு தடித்த பட்டை தைத்திருக்கும். அதுதான் உங்கள் பிரேக். வேகத்தைக் குறைக்க, தலைக்கு மேலே ஓடுகிற கப்பிக்குப் பின்னால் கம்பியை மெல்ல அழுத்த வேண்டும். முன்னால் கை வைத்தால் விரல் கப்பிக்குள் போய்விடும். இதை அவர்கள் அலுக்காமல் சொல்வார்கள், நீங்களும் அலுக்காமல் கேளுங்கள்.

முன்னவர் போய் அடுத்த மேடையில் நின்று கை காட்டியதும், பின்னவர் உங்கள் கொக்கிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு விடுவார். கப்பி கிணற்று ராட்டினம்போல் ஒரு கிறீச்சொலியில் ஆரம்பித்து, நொடியில் உறுமலாகிவிடும். கம்பி நடுவில் தொய்ந்திருப்பதால் முதல் பாதி இறக்கம், மறு பாதி ஏற்றம். கனமானவர்கள் விர்ரென்று மேடைக்கே போய்ச் சேருவார்கள். ஒல்லியானவர்களும், பயத்தில் முன்கூட்டியே பிரேக் அழுத்தியவர்களும் மேடை எட்டாமல் நின்றுவிடுவார்கள். அப்போது பின்பக்கம் திரும்பி, கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். சிரிப்பார்கள், பரவாயில்லை. என்னைக் கேட்டால், அப்படி நடுவில் நிற்பவர்களுக்குத்தான் பள்ளத்தாக்கு கிடைக்கிறது. பாறை இடுக்கில் பிடித்து வளர்ந்த மரங்கள், கீழே பச்சைச் சுழல், அதில் ரப்பர் படகுகள், மேலே பாலத்தில் எறும்பாய் மனிதர்கள். எல்லாம் நின்றால்தான் தெரியும்.

பள்ளத்தாக்கைத் தாவுகிற 400 மீட்டருக்கு மேல் நீளமான ஒற்றைக் கம்பியும் உண்டு. வேகம் வேண்டுமென்றால் அது. இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால், மேடைக்கு மேடை நின்று போகிற வழிகாட்டிப் பயணம்தான் என் தேர்வு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். சாரல் புகையாய் எழுந்து பாதிக் காட்சியை மறைத்துவிடும். ஆகஸ்டுக்குப் பிறகு போனால் பாறை முழுதும் தெரியும். அக்டோபர் வெயில் பொல்லாதது, அதனால் காலை முதல் குழுவில் இடம் கேளுங்கள். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நாட்டு எல்லை பாலத்தின் நடுவில் ஓடுகிறது. கடவுச்சீட்டை மட்டும் விடுதி அறையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.