ஏரி வாரியம் இருந்த ஊரில் தேங்கும் தண்ணீர்



உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் கல்வெட்டைத்தான் சொல்வார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. 2020-இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைப் பேசினார். அதில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர். யார் அந்த ஆறு பேர்? வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு இதெல்லாம் இருந்தவர்கள். அது பிரம்மதேய ஊர். சேற்றில் இறங்கி உழைத்தவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போக வழியே இல்லை.

நான் அந்தப் பக்கத்துச் சேரிக்காரன். மழை பெய்தால் ஊர்த்தெருத் தண்ணீர் சாக்கடையோடு எங்கள் தெருவுக்கு வரும். கால்வாய் அங்கேயே முடிந்துவிடும். ஏன் பள்ளத்தில் குடியிருக்கிறீர்கள் என்கிறார்கள். மேட்டை யார் எங்களுக்குக் கொடுத்தார்கள்? பழைய சாலை மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, இப்போது எங்கள் வாசற்படி சாலைக்குக் கீழே கிடக்கிறது.

காய்ச்சல் வந்தால் ‘சுத்தமாக இருங்கள்’ என்று பாடம் எடுக்கிறார்கள். சரி, அறிவியலையே பேசுவோம். தேங்கிய சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ் கொசு, யானைக்கால் நோயைப் பரப்புவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். குழாயில் தினமும் தண்ணீர் வராத வீட்டில்தானே குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்பார்கள்? வடிகாலும் இல்லை, குடிநீரும் ஒழுங்காக இல்லை என்றால் இரண்டு கொசுவும் ஒரே தெருவில்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல். மிச்சத் தண்ணீர் குட்டைக்குப் போகிறது. அந்தக் கழிவை உரமாக்கி ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. அடியில் காற்றில்லாமல் மீன் சாகிறது.

அடைப்பு எடுக்க மட்டும் எங்கள் ஆட்களைத் தேடி வருகிறார்கள். மலம் கலந்து ஓடும் திறந்த கால்வாயில் மனிதரை இறக்கி அள்ளச் சொல்வதும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூப்பிட வருபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபையில் வடிகால் கேட்டோம். அபேட் மருந்து தெளித்துவிட்டுப் போனார்கள். அடுத்த கிராம சபை மே 1. கால்வாய் எங்கே போய் முடிய வேண்டும் என்று வரைபடம் போட்டு எடுத்துப் போகிறோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் எழுந்திருக்கப் போவதில்லை. பக்கத்து ஊர்த் தோழர்கள் உங்கள் தெருவின் மட்டத்தை அளந்துகொண்டு வாருங்கள். ரசமட்டக் குழாய் எங்களிடம் இருக்கிறது.