ஆண் முயலைச் சோதிச்ச பிறகு சுத்துக்கு விடுவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், முயல் வளர்க்கும் உறுப்பினர்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுக்கள் சேர்ந்து பொதுவில் ஒரு ஆண் முயல் வாங்கி, எல்லா ஊருக்கும் சுத்தில் விடலாம்னு தீர்மானம் போட்டிருக்கீங்க. நல்ல யோசனைதான். எட்டு, பத்து பெண் முயலுக்கு ஒரு ஆண் போதும். வீட்டுக்கு வீடு ஆண் வச்சு தீனி போடுறது வீண் செலவு. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைப் பேசிடணும்.

ஆண் முயல் வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? எடை பார்க்கிறோம், காதில் சொறி இருக்கான்னு பார்க்கிறோம், கால் பாதத்தில் புண் இருக்கான்னு புரட்டிப் பார்க்கிறோம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாம உள்ளே ஒளிஞ்சு கிடக்கிற குறை ஒண்ணு இருக்கு. அது அந்த முயலைத் தொந்தரவு பண்ணாது. அதோட குட்டிகளிடம்தான் வெளியே வரும்.

பல் கோணலை எடுத்துக்குங்க. முயலுக்கு முன்பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகிட்டே இருக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடு ஒன்று உரசித் தேய்வதால்தான் அளவாக நிக்குது. சில குட்டிகளுக்குத் தாடை பொருந்தாமல் கீழ்ப்பல் முன்னால் நீட்டிக்கொள்ளும். உரச வழியில்லாததால் பல் துரட்டி மாதிரி வளைஞ்சு வெளியே வந்துடும். குட்டி தீனித் தட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஆனா கடிக்க முடியாது. சில வாரத்துக்கு ஒரு தடவை பல்லை வெட்டி விட்டாத்தான் பிழைக்கும். இல்லேன்னா மெலிஞ்சு செத்துப்போகும்.

இப்படி ஒரு குட்டி வந்ததும் முதல்ல யாரைக் குத்தம் சொல்றோம்? தாய் முயலைத்தான். "இது ராசியில்லாத முயல், வித்துடு"ங்கிறாங்க. சிரிக்கிறீங்க, இந்தப் பேச்சை வேற எங்கே கேட்டிருக்கோம்னு உங்களுக்கே தெரியும்.

உண்மை என்னன்னா, ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு முயலிடம் இரண்டு சீட்டு இருக்கும். ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று ஆத்தாள் கொடுத்தது. இதைத்தான் மரபணுன்னு சொல்றோம். நல்ல சீட்டு ஒன்று இருந்தாலே போதும், பல் பெரும்பாலும் நேராக வரும். கெட்ட சீட்டு பின்னால் ஒளிஞ்சிருக்கும். இதுக்கு ஒடுங்கு பண்புன்னு பேர். இரண்டு சீட்டும் கெட்டதாகச் சேர்ந்தாத்தான் குட்டிக்குப் பல் கோணும். அப்போ, கோணல் பல் குட்டி பிறந்தா அப்பன்கிட்டயும் ஒரு கெட்ட சீட்டு இருந்திருக்கு, ஆத்தாள்கிட்டயும் இருந்திருக்கு.

நிறத்தில் இதைக் கண்ணாலயே பார்க்கலாம். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிற இனங்களில் ஒயிட் ஜெயண்ட் வெள்ளை, சோவியத் சின்சில்லா சாம்பல். வெள்ளை நிறம் ஒடுங்கு பண்பு. சாம்பல் ஆணும் சாம்பல் பெண்ணும் சேர்ந்து சில நேரம் வெள்ளைக் குட்டி போடும். உடனே, "கூண்டு மாறிப் போச்சு"ன்னு சண்டை போடாதீங்க. இரண்டு பக்கமும் வெள்ளைச் சீட்டு ஒளிஞ்சிருந்திருக்கும், அவ்வளவுதான்.

சாம்பல் ஆணிடம் வெள்ளைச் சீட்டு இருக்கான்னு தெரியணுமா? வெள்ளைப் பெண்ணோடு சேருங்க. அவளிடம் இருக்கிற இரண்டு சீட்டும் வெள்ளைதான். ஆணிடம் ஒளிஞ்சிருந்தா குட்டிகளில் பாதிக்குப் பாதி வெள்ளையாக வரணும். ஒரே ஒரு வெள்ளைக் குட்டி வந்தாலும் விஷயம் வெளுத்துப்போச்சு. ஏழு குட்டி போட்டு ஒன்றுகூட வெள்ளை இல்லைன்னா, ஒளிச்சு வச்சிருக்கிற ஆண் நம்மை ஏமாத்தித் தப்பிச்சிருக்க 128-ல் ஒரு வாய்ப்புதான். இதுதான் சோதனைச் சேர்க்கை.

வெள்ளை நிறத்தால நமக்கு நட்டமில்லை. பல் கோணலுக்கு இதே சோதனையைச் செய்யும்போது கொஞ்சம் பொறுமை வேணும். கோணல் பல் முயலையே சோதனைக்கு வச்சு வளர்க்கிறது பாவம். அதுக்குப் பதிலா, முன்பு கோணல் பல் குட்டி ஈன்ற, ஆனா தன் பல் நேராக இருக்கிற தாயைப் பயன்படுத்துங்க. வித்துடச் சொன்னோமே, அதே முயல்! அவளிடம் ஒரு கெட்ட சீட்டு இருப்பது நமக்கு நிச்சயம். ஆணிடமும் இருந்தா, நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு கெட்ட சீட்டும் சேரும். கணக்குப்படி 16 குட்டி பார்த்தா போதும். ஆனா பல் விஷயத்தில் இரண்டு கெட்ட சீட்டு இருந்தும் சில குட்டிக்குப் பல் நேராகவே வந்துடுது. அதனால 20 குட்டிக்கு மேல் பாருங்க. மூன்று, நான்கு ஈற்றுக் கணக்கு.

அப்பனை அதன் பெண் குட்டிகளோடயே சேர்த்துப் பார்க்கிற முறையும் ஒன்று இருக்கு. முகம் சுளிக்காதீங்க, வழக்கமாகச் செய்யக்கூடாது, சோதனைக்கு மட்டும்தான். என்ன குறை ஒளிஞ்சிருக்குன்னே தெரியாதபோது, எல்லாக் குறையையும் இது வெளியே கொண்டுவரும். ஆனா பல பெண் குட்டிகள் வேணும், முதல் சேர்க்கையிலிருந்து பத்து மாதம்போல ஆகும். தனி ஆள் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டமைப்பு செஞ்சா செய்யட்டும்.

இப்ப நோட்டு விஷயம். சோதனைக்கு விட்ட பெண்ணை வேற ஆணிடம் விடவே கூடாது. சேர்த்த தேதியை எழுதுங்க, 31 நாள் கழிச்சு ஈற்றுப் பெட்டியைப் பாருங்க. நம்ம ஆட்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: ஒரு தாய்க்குக் குட்டி அதிகமா இருந்தா இன்னொரு தாயிடம் மாத்தி விடுறது. சோதனை ஈற்றில் அதைச் செய்யாதீங்க, எந்தக் குட்டி யாருதுன்னு கணக்கு குழம்பிடும். செத்த குட்டியையும் எழுதுங்க. பால் மறக்கடிக்கும்போது ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை உதட்டை விலக்கிப் பல்லைப் பாருங்க. கம்பியைக் கடிச்சோ, விழுந்து அடிபட்டோ பல் கோணியிருக்கலாம், அதையும் விசாரிச்சு எழுதுங்க.

ஏன் இவ்வளவு பாடுன்னு கேட்பீங்க. கெட்ட சீட்டு வச்சிருக்கிற ஆண் ஒன்று, பத்து பெண்ணுக்கு, வருஷம் ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஆறு குட்டின்னு வச்சாலும் 300 குட்டிக்கு அப்பனாகுது. அதில் பாதி, 150 குட்டி, அந்தச் சீட்டை வாங்கிக்கிட்டு வெளியே போகும். தாயெல்லாம் சுத்தமாக இருந்தா அந்த வருஷம் ஒரு குட்டிக்கும் பல் கோணாது. நாமளும் சந்தோஷமா வளர்ப்புக்குன்னு பக்கத்து ஊர்க் குழுவுக்கு வித்துடுவோம். அவங்க கடன் வாங்கி வாங்கியிருப்பாங்க. அண்ணன் தங்கை குட்டிகள் ஒண்ணா சேரும்போது, அவங்க கூண்டில்தான் குட்டி சாகும்.

சோதனையில் மாட்டின ஆணை இறைச்சிக்குக் கொடுங்க, வளர்ப்புக்கு விற்காதீங்க. அதோட குட்டிகளும் இறைச்சிக்குத்தான். சந்தை விலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

பொது ஆணைச் சுத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி சோதனை முடிச்சாகணும்னு தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துடுங்க. கோணல் பல் குட்டி ஈன்ற தாய் யார் வீட்டிலாவது இருந்தா, வித்துடாம கூட்டமைப்பு அலுவலகத்தில் சொல்லுங்க. இப்ப நமக்கு வேண்டியது அந்த முயல்தான்.