சத்தம் குறைந்த வண்டி
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



எங்கள் பங்கில் பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்று உண்டு. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக் கிளை ஊர்களுக்கு நாற்காலியும் மைக் செட்டும் ஏற்றிப் போவது அதுதான். செலவு குறையட்டுமே என்று அதை எல்.பி.ஜி. கேஸுக்கு மாற்றினோம். அதன்பின் ஒன்றரை ஆண்டில் மூன்று முறை என்ஜின் ஹெட்டை இறக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே கோளாறு: எக்ஸாஸ்ட் வால்வின் சீட் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் புதைந்திருந்தது. சீட்டைக் கடைந்து, வால்வை மாற்றி, பணம் கொடுத்து, எடுத்து வந்தோம்.

ஏன் தேய்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. பதிலைத்தான் முன்கூட்டியே வைத்திருந்தோமே: டிரைவர் தம்பி முரட்டுத்தனமாக ஓட்டுகிறான். மூன்றாம் முறை செலவில் ஒரு பங்கை அவன் சம்பளத்தில் பிடித்தோம். அவன் ஒன்றும் பேசாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன பிறகும் வண்டி இழுவை இழந்தது. பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார். "சாமி, கிளட்ச் எப்ப மாத்துனீங்க?" மாற்றவே இல்லை. "முரட்டு டிரைவர்னா முதல்ல கிளட்ச்தான போகும்? சரி, வண்டி மக்கர் பண்றதுக்கு முன்னால டேப்பட் சத்தம் கூடுச்சா, குறைஞ்சுச்சா?" குறைந்தது. எங்களுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவர் சிரித்தார். சீட் தேயத் தேய வால்வின் தண்டு மேலேறி, டேப்பட்டில் இருக்க வேண்டிய இடைவெளி அடைபடுமாம். இடைவெளி போனால் சத்தமும் போகும். பிறகு வால்வு சரியாக மூடாது. நெருப்பு சந்து வழியே பீறிட்டு வால்வையே தின்றுவிடும்.

மூல காரணம் பழையது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, என்ஜின் இடிக்காமலிருக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கக் கண்டுபிடித்தார். அந்த ஈயம் வால்வு சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து அதைக் காத்தும் வந்தது. ஆனால் புகையில் வந்த அதே ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. நம் நாட்டில் 2000-இல் அதை நிறுத்தினார்கள். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. நிறுத்தியது நியாயமே. ஆனால் அந்தக் காலத்து மெதுவான வார்ப்பிரும்பு சீட்டுக்குப் பூச்சு போயிற்று. பெட்ரோலில் எப்படியோ சமாளித்த வண்டியை உலர்ந்த கேஸில் ஓட்டினோம். நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் வால்வு 1000 தடவை சீட்டில் அடிக்கிறது; சூட்டில் இரும்போடு இரும்பு ஒட்டிப் பிய்கிறது. கடைவதால் என்ன பயன்? பழைய சீட்டைக் குடைந்தெடுத்து, கடினமான உலோக வளையம் இறக்கினார்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்து அத்திமரம் நினைவுக்கு வந்தது. மூன்று ஆண்டு கனியில்லை, வெட்டு என்கிறார் தோட்டக்காரர். வேலையாளோ வேரைச் சுற்றிக் கொத்தித் தருகிறேன் என்கிறார். நாங்கள் வேரைப் பார்க்கவில்லை. ஓர் ஏழையை வெட்டினோம்.

பிடித்த பணத்தோடு அம்பாசமுத்திரத்தில் தம்பியின் வீட்டுக்குப் போனோம். தவறு எங்களுடையது என்று அவன் தாயார் முன்னிலையில் சொன்னோம். அவன் தலைகுனிந்தே நின்றான். பிறகு கேட்டான்: "வண்டி இப்ப எப்படி இருக்கு, சாமி?"

"டேப்பட் சத்தம் கேக்குதுப்பா" என்றோம்.