திரையில் தெரியும் படம் எங்கே தங்குகிறது?

(ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி ஆய்வகம் பற்றிப் பேசும் இடங்களில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “சார், ஜியோஜிப்ராவில் முப்பரிமாண உருவத்தைச் சுழற்றினால் திக்கித் திக்கி நகர்கிறது. கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகுமா?”

முதலில் ஒரு கணக்கு. முழு எச்.டி. திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. ஒரு புள்ளியின் நிறத்துக்கு 4 பைட் என்றால், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 8 எம்.பி. நொடிக்கு 60 படம் என்றால் சுமார் 500 எம்.பி. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே போடச் சொல்லலாம்.

இந்தப் படத்தை வைக்க, தனி கிராபிக்ஸ் கார்டில் சொந்த நினைவகம் உண்டு. தனி கார்டு இல்லாத கணினியில் படம் வரையும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கும். அது ரேமில்தான் பங்கு கேட்கும். நம் பாடக் கோப்பும் பிரவுசரும் இருப்பது அதே ரேமில். ரேம் நிறைந்துவிட்டால் கணினி ஹார்டு டிஸ்க்கை நாடும், வேகம் படுத்துவிடும். அப்போது புதிய கார்டு வாங்கினாலும் பெரிய பயன் இராது.

இடத்தைப் போலவே வழியும் முக்கியம். டி.டி.ஆர்.4 2400 வகை ரேம் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜி.பி. தரும். ஒரே வகையில் இரண்டை உரிய ஸ்லாட்டுகளில் பொருத்தினால், மதர்போர்டு இடம் கொடுத்தால், 38.4 ஜி.பி. ரேமையே நம்பியுள்ள கிராபிக்ஸுக்கு இது நேரடி உதவி.

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவில் பணம் கேட்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பாடத்தை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டினால் தேவை ரேம். மெமரியில் இடமிருந்தும் ஜி.பி.யு. 100-ஐத் தொட்டு நின்றால் கார்டு பற்றி யோசிக்கலாம். எத்தனை ரேம் ஸ்லாட் காலியாக உள்ளது என்பதும் அங்கேயே தெரியும். உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினியை மட்டும் நாமாகத் திறக்க வேண்டாம்.

தவறான பொருளை வாங்கிவிட்டால் அந்த ஆண்டுக்கான பணம் போய்விடும். ஒரு கணினிக்கு ஐந்து பிள்ளைகள் காத்திருப்பதும் தொடரும். பார்த்த எண்களைக் குறித்துக்கொண்டு கோரிக்கை எழுதுங்கள்.