ரெசின் பட்டறைக்குப் போகும் நம் பிள்ளைகள்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. சம்பளம் வாங்கும் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

தோட்டத்தை விட்டு வெளி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் கடற்கரையோரப் படகுப் பட்டறைகளில் சேர்கிறார்கள். அங்கே பலகைக்குப் பதிலாகக் கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, ரெசின் என்னும் பிசினை அதன்மேல் பூசிப் படகு செய்கிறார்கள். பிள்ளை நல்ல வேலையில் இருக்கிறான் என்று நாம் மகிழ்கிறோம். மகிழலாம், ஆனால் அந்த வேலை இன்னதென்று தெரிந்துகொண்டு மகிழ வேண்டும்.

பாலில் திராவகம் ஊற்றினால் உறைகிறது. இது நமக்குப் பழக்கம். ரெசினும் அவ்வாறே, 'கேட்டலிஸ்ட்' என்ற மருந்தை 100க்கு 1 அல்லது 2 பங்கு சேர்த்தால் கட்டியாகிறது. ஆனால் பால் உறைகையில் சுடுவதில்லை; ரெசினோ தானே சூடேறுகிறது. கலந்த மிச்சத்தை வாளியோடு விட்டுவிட்டால் புகைந்து தீப்பற்றவும் கூடும்.

அந்தக் கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அப்போது தண்ணீரைத் தேடி ஓட நேரமிராது. ஆகவே கண்ணாடி அணியாமல் அதைத் தொடக் கூடாது; கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். உடனே 15 நிமிஷமாவது கண்ணைக் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரெசினை விரைவில் உறையச் செய்யும் கோபால்ட் மருந்தோடு இதை நேரே கலந்தால் வெடிக்கும். இதைப் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் நாளே சொல்ல வேண்டாமா?

பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும். உள்ளே குனிந்து பூசுகிறவனுக்குத் தலை சுற்றும். கள் குடித்தவன்போல் கால் தடுமாறும். நாளடைவில் செவிப்புலனும் கெடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2018ஆம் ஆண்டில், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையில் ஸ்டைரீனைச் சேர்த்தது. தூசியைத் தடுக்கும் காகித முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரிவடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்; படகின் அடியிலிருந்து காற்றை இழுத்து வெளியேற்றும் விசிறியும் வேண்டும்.

எப்பாக்ஸி என்ற இன்னொரு ரெசினுக்கு நாற்றம் குறைவு. நாற்றமில்லை, ஆகவே நஞ்சில்லை என்று எண்ணுவது பெரும் பிழை. நம்மிடம் வந்த ஓர் இளைஞர் மாதக்கணக்கில் வெறுங்கையால் அதைத் தொட்டு வேலை செய்தவர். ஒன்றும் ஆகவில்லையே என்று சிரித்தாராம். ஒருநாள் கை சிவந்தது. பிறகு கண்ணிமை வீங்கி முகமே மாறிவிட்டது. இந்த ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் விடாது. பிறகு சிறிது பட்டாலும் பொங்கும். கற்ற தொழிலை அவர் விட வேண்டியதாயிற்று.

கையில் ஒட்டிய ரெசினை அசிட்டோன் கொண்டு துடைக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். அது தோலின் எண்ணெய்ப் பசையைப் போக்கி நஞ்சுக்கு வழி திறந்துவிடும்; நெருப்புக்கும் அது விருந்து. சோப்புத் தண்ணீரே நல்லது. இன்னொன்று: நாம் வெட்டிய பாலில் செய்த கையுறையே ஆனாலும், உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். எப்பாக்ஸிக்கு அது தாங்காது. நைட்ரைல் கையுறை வேண்டும். அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்பது பிச்சை அல்ல. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி இவை முதலாளியின் கடமை. சட்டப்படி கொடுக்கவேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. தொழிலால் வந்த நோய்க்கு 1969ஆம் ஆண்டின் சட்டப்படி பெர்கேசோவில் உதவி கோரலாம். ஆகவே டாக்டரிடம் போகும்போது, "நான் ரெசின் வேலை செய்கிறேன்" என்று மறவாமல் சொல்ல வேண்டும்.

கிராணிமார்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் பாதுகாப்பு விவரத்தாள் ஒன்றைச் சரக்கு விற்பவர் கொடுத்தாக வேண்டும். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பிள்ளைகள் அதைக் கொண்டுவந்தால், ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து தமிழில் படித்துச் சொல்லுங்கள். அது ஒரு குடும்பத்தைக் காக்கும்.

பெற்றோர்களே, இந்த வாரம் பிள்ளை வீட்டுக்கு வரும்போது எவ்வளவு சம்பளம் என்று கேட்குமுன், "கையைக் காட்டு, பார்க்கலாம்" என்று கேளுங்கள். சிவந்திருந்தால் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். நாம் இருக்கிறோம்.